மிச்ச ஒன்பது வாக்கியங்கள்

என் மனைவி முன்னால் ஒரே ஒரு வாக்கியத்தையாவது முற்றுப்புள்ளி வரை பேசிவிடுவது என்று, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பல் துலக்கிக்கொண்டே சபதம் செய்தேன்.

இதற்கெல்லாமா சபதம் என்று கேட்பவர்கள் கல்யாணம் ஆகாதவர்கள். தமிழில் ஒரு தொல்லை உண்டு. வினைச்சொல் கடைசியில்தான் வரும். யார், யாரை, எங்கே, எப்போது என்று எல்லாவற்றையும் நான் மூச்சு வாங்கச் சுமந்து வருவேன். வினைச்சொல்லை இறக்கி வைக்கும் நேரத்தில் அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள்.

"கிழிஞ்ச குடைய நாளைக்கு..."

"தூக்கிப் போட்டாச்சு."

"அந்த மூலைல இருக்கற நாற்காலிய..."

"தொடாதீங்க."

இப்படியே இத்தனை வருடம் எழுவாயும் செயப்படுபொருளுமாக மட்டும் வாழ்ந்துவிட்டேன்.

வீட்டில் நடக்காதது மேடையில் நடக்கும் என்று தோன்றியது. மேடையில் பேசுபவனை யாரும் இடைமறிக்க மாட்டார்கள். என் கையில் மைக் இருக்கும். அவள் முன்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நினைக்கும்போதே எனக்குக் கண் கலங்கியது.

மேடை வேண்டுமென்றால் விழா வேண்டும். எங்கள் பகுதியில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பாதிப் பேர் ஊர் மொழிக்காரர்கள். குடும்பம் குடும்பமாக வந்து இரண்டு மொழியிலும் புத்தகம் வாசிக்கிற மாதிரி ஒரு விழா எடுக்கலாம், முன்னால் நின்று நடத்தத்தான் ஆளில்லை என்று நூலகத்து அம்மா நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன்.

"வரவேற்புரை நானே, ஊர் மொழியில். தமிழில் சொல்ல யாராவது இருந்தால் போதும்."

"யாராவதா?"

"யாராயிருந்தாலும் சரி. நான் முடித்த பிறகு பேசினால் போதும்."

நூலகத்து அம்மா சிரித்தார். எனக்கு அப்போது அது மரியாதைச் சிரிப்பாகத் தெரிந்தது.

அடுத்து, அக்கம்பக்கத்துக் கடைகளின் ஆதரவு. அதையும் நானே திரட்டக் கிளம்பினேன். என் ஊர் மொழி அப்பழுக்கில்லாதது. ஆயுள் முழுக்கக் குடிநீர் அலுவலகத்தில் அறிவிப்பு எழுதிப் பழகியது. ரொட்டிக்கடைக்காரர் முன்னால் நின்று, "பொதுமக்கள் நலன் கருதி நடைபெறவிருக்கும் இருமொழிக் குடும்ப வாசிப்பு விழாவிற்குத் தங்கள் ஒத்துழைப்பைக் கோருகிறோம்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எத்தனை நாளைக்குத் தண்ணி வராது?" என்றார்.

மூன்று தெரு சுற்றி வெறுங்கையோடு வந்தேன். என் மனைவி ரொட்டி வாங்கப் போனாள். திரும்பி வந்து பையை மேசைமேல் வைத்தாள்.

"ரொட்டிக்கடைக்காரர் அன்னிக்கு எல்லாருக்கும் பன் தர்றாராம். முடிவெட்டற கடைல பெஞ்சு தர்றாங்க. பஸ் டிப்போல தூரத்துக் குடும்பங்களுக்கு ஒரு வண்டி விடறாங்க. சலவைக்கடை அம்மா மேடைக்குத் திரை தைக்கறாங்க."

"எப்படிம்மா கேட்ட?"

"வாயால."

கொஞ்ச நேரம் பையிலிருந்து சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "நானும் அன்னிக்கு ரெண்டு வார்த்தை..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம்" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுடைய வினைச்சொல்லை நான் பிடுங்கிய தருணம் அது. சும்மா இருந்திருக்கலாம். "உன் ஊர் மொழில சோப்பு வாசம் அடிக்கும்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் காலிப் பையை நான்காக மடித்து வைத்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

சோப்பு வாசம் சும்மா சொன்னதில்லை. நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில், சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தோம். கீழே இஸ்திரி போட்டால் மேலே தரை சூடாகும். பலகை இடுக்கு வழியாக ஆவி ஏறி வந்து ஜன்னல் கண்ணாடியில் படியும். அந்த ஜன்னல் வழியாகத் தெருவை நான் தெளிவாகப் பார்த்ததே இல்லை. இப்போது நினைத்தால் அந்த வருடங்களே அந்தக் கண்ணாடி வழியாகத்தான் தெரிகின்றன. மங்கலாக, வெதுவெதுப்பாக.

அப்போது அவளுக்கு ஊர் மொழியில் ஒரு சொல் தெரியாது. போகும் இடமெல்லாம் அவளுக்கு நாக்கு நான்தான். மகள் பிறந்தபோது பிரசவ அறையில் டாக்டரம்மாவிடம் அவள் ஏதோ நிறையச் சொன்னாள். நான் "வலிக்கிறதாம்" என்று மொழிபெயர்த்தேன்.

"இவ்வளவு நேரம் பேசினாரே?"

"எங்கள் மொழி கொஞ்சம் நீளம்" என்றேன்.

அவள் சலவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்து ஊர் மொழி பழகியது அதற்குப் பிறகு. நான் மெல்ல மெல்லத் தேவைப்படாமல் போனதும் அதற்குப் பிறகுதான்.

விழா நாள் வந்தது. கூடம் நிறைந்துவிட்டது. அம்மா ஒரு வரி, பிள்ளை ஒரு வரி. தமிழில் ஒன்று, ஊர் மொழியில் ஒன்று என்று குடும்பங்கள் வாசித்தன. என் மகளும் பேத்தியும்கூட வாசித்தார்கள். பிறகு என்னை அழைத்தார்கள். மேடையில் இரண்டு மைக். ஒன்றின் முன்னால் நான். இன்னொன்றின் முன்னால், பச்சைச் சால்வையும் போட்டுக்கொண்டு, என் மனைவி.

"நீ எங்க இங்க..."

"யாராயிருந்தாலும் சரின்னீங்களாமே."

பின்வாங்க வழியில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஊர் மொழியில் தொடங்கினேன். அறிவென்னும் கலங்கரை விளக்கின் ஒளி நோக்கி அலை அலையாகத் திரண்டு வந்திருக்கும் பெருமக்களையும், அவர்தம் செல்வங்களையும், ஆதரவு நல்கிய வணிகர்களையும் வாழ்த்தி, வணங்கி, வரவேற்றேன். அவள் இடைமறிக்கவே இல்லை. வினைச்சொல் வரைக்கும் போய், முற்றுப்புள்ளியும் வைத்தேன். சபதம் நிறைவேறிவிட்டது.

அவள் மைக் பக்கம் குனிந்தாள்.

"வணக்கம்ங்கறார்."

தமிழ்ப் பாதி சிரித்தது. நான் கவனிக்காதவன் போல் அடுத்த வாக்கியத்துக்குப் போனேன். என் இல்லத்தில் எழுத்தறிவின் விதையை நானே ஊன்றி, ஒவ்வொரு இரவும் மகளுக்கு நூல்களை வாசித்துக் காட்டி, இரு மொழியிலும் அவளை வளர்த்தெடுத்தேன் என்றேன்.

"பொண்ணுக்குக் கதை படிச்சுக் காட்டினேன்ங்கறார். உண்மைதான். ரெண்டாவது பக்கத்துல தூங்கிடுவார். மிச்சத்த அவதான் இவருக்குப் படிச்சுக் காட்டுவா."

தமிழ்ப் பாதி புரண்டு சிரித்தது. ஊர் மொழிப் பாதி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. நூலகத்து அம்மா எழுந்தார். "இது இருமொழி விழா. மைக்கில் வருவதெல்லாம் இரண்டு மொழியிலும் வர வேண்டும். அம்மா சொன்னதை ஐயா எங்களுக்குச் சொல்லட்டும்."

நான் மைக்கைக் கையால் பொத்தினேன். "உனக்குத்தான் ஊர் மொழி தெரியுமே, நீயே..."

"சொல்லலாம். சோப்பு வாசம் அடிக்குமே."

மைக் சரியாகப் பொத்தப்படவில்லை. இதற்கும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு தமிழில் பேசத் தொடங்கினாள், வீட்டில் பேசுகிற அதே குரலில்.

"சலவைக்கு வர்ற சட்டைக் காலர்ல பேர் எழுதின துணி தைச்சிருக்கும். பொண்ணு பள்ளிக்கூடம் விட்டதும் நேரா கடைக்கு வருவா. ரெண்டு பேரும் அத வச்சுத்தான் ஊர் மொழி எழுத்து கத்துக்கிட்டோம். இந்தத் தெருவுல பாதிப் பேர் பேர எனக்கு அவங்க காலர்தான் சொல்லிக் குடுத்தது. ராத்திரி மேல போனா ஜன்னல்ல ஆவி படிஞ்சிருக்கும். அதுல விரலால அவளுக்குத் தமிழ் எழுதிக் காட்டுவேன். ஒரு எழுத்து வழிஞ்சு அழியறதுக்குள்ள அவ படிச்சாகணும். அதான் அவ அவ்வளவு வேகமாப் படிப்பா."

முன்வரிசையில் என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஜன்னலில் ஏன் எப்போதும் விரல் தடமாக இருக்கிறது என்று நான் கோபித்துக்கொண்டது ஞாபகம் வந்தது.

"அதுக்கு முன்னாடி என் வாய் இவர்தான். நான் பத்து சொன்னா இவர் ஒண்ணு சொல்வார். இவ பொறந்தப்ப டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். பயமா இருக்கு, எங்கம்மா ஞாபகமாவே இருக்கு, யாராவது கொஞ்சம் என் கையப் பிடிச்சுக்குங்கன்னு. இவர் வலிக்குதுன்னார். ஊசி போட்டாங்க. அந்த மிச்ச ஒன்பதையும் சொல்றதுக்குத்தான் நான் இந்த ஊர் மொழியக் கத்துக்கிட்டேன்."

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் ஊர் மொழியில், "தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டு, அனைவருக்கும் நன்றி தெரிவிக்கிறார்" என்றேன்.

"இவ்வளவு நேரம் பேசினாரே?" என்றார் நூலகத்து அம்மா.

"எங்கள் மொழி கொஞ்சம் நீ..."

முன்வரிசையில் சலவைக்கடை அம்மா எழுந்து நின்றார். ஊர் மொழிக்காரர். ஆனால் தமிழில் கத்தினார். "பொய்! ஒரு வேலை உருப்படியா செய்யறதில்ல இந்த மனுஷன்!"

அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க இஸ்திரி மேசையில் என் மனைவியிடம் கேட்டுக் கற்றது. ஆகவே முழுக்க என்னைப் பற்றியது.

வேறு வழியில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன். காலர், ஆவி, விரல் எல்லாவற்றையும் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். கலங்கரை விளக்கு எதையும் சேர்க்கவில்லை. பிரசவ அறைக்கு வந்தபோதும் எதையும் விடவில்லை. பயமாக இருக்கிறது, அம்மா ஞாபகம், என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மகளுக்கே ஒரு மகள் பிறந்த பிறகு அந்தச் சேதி ஊர் மொழிக்கு வந்து சேர்ந்தது. குடிநீர் அலுவலகத்தில்கூட ஒரு புகார் இவ்வளவு காலம் தேங்கியதில்லை.

முடித்ததும் ஊர் மொழிப் பாதி கைதட்டியது. அவளுக்குத்தான். ரொட்டிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இன்னிக்குத்தான் நீங்க பேசினது எனக்குப் புரிஞ்சுது" என்றார்.

எல்லோரும் போன பிறகு திரையை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்தோம். மடிக்க மடிக்க அவள் என் அருகே வந்துகொண்டிருந்தாள். துணியில் சோப்பு வாசம். கடைசி மடிப்பில் அவள் விரல்கள் என் கைக்கு வந்தன. நான் பிடித்துக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் விட்டு வைத்தாள்.

"அடுத்த வருஷமும் நான்தான் பேசணும்னு நூலகத்து அம்மா கேட்டாங்க" என்றாள்.

"தமிழ்லயா? அப்போ மொழிபெயர்க்க?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"இந்த வயசுல இன்னொரு தடவ மேடையேறி அதெல்லாம் என்னால முடி..."

"முடியும்னு சொல்லிட்டேன்."