நடவண்டி நின்று வாசித்த நாள்

தருமபுரி ஜில்லாவிலேயே நடந்து நடந்து பட்டம் வாங்கிய ஆள் ஒருத்திதான். அவள் நடவண்டி. தினமும் பல மைல் நடந்து வந்து படித்த பெண் போலிருக்கிறது என்று யாரும் கண் கலங்க வேண்டாம். எங்கள் விடுதி கல்லூரிக் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. படி இறங்கினால் வகுப்பு. அவள் வகுப்புக்கு வருவதற்காக நடக்கவில்லை. வகுப்புக்கு வந்த பிறகுதான் நடக்கவே ஆரம்பிப்பாள்.

மொரப்பூருக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவில், சோளக்காட்டை ஒட்டி இருந்தது எங்கள் கல்லூரி. பி.காம் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு. யாரும் எதிர்பாராத விதமாக, பித்தளை ஊதுகருவிகளுக்கு மூன்று வருடப் பட்டப்படிப்பும் உண்டு. டிரம்பெட், டிராம்போன் என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, மேற்கத்திய இசையை நோட்ஸ் பார்த்து வாசிக்கப் பழகி, கடைசி செமஸ்டரில் மேடையேறித் தனியாக வாசித்துக் காட்டினால் டிகிரி. இதை ஏன் சோளக்காட்டில் கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேட்டால் தாளாளருக்கே சொல்லத் தெரியாது. மொத்தத் துறையும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடும். அதில் ஒரே பெண் என் அறைத்தோழி நடவண்டி. அவளுடைய கருவி டிராம்போன், அதாவது வாசிக்க வாசிக்க முன்பக்கம் ஒரு குழாயை நீட்டி மடக்கும் சங்கதி.

அவள் அப்பா கம்பைநல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பேண்டு செட் வைத்திருந்தார். கல்யாண ஊர்வலம், மாதா கோயில் தேர், கட்சி ஊர்வலம், எல்லாவற்றுக்கும் முன்னால் போகும் செட். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அவள் அதில் சேர்ந்துவிட்டாள். அந்த செட்டில் பாட்டை முடிப்பதற்குத் தலையாட்டுவது, கையாட்டுவது எல்லாம் கிடையாது. கால் நடந்தால் பாட்டு நடக்கும், கால் நின்றால் பாட்டும் நிற்கும். இந்தச் சட்டம் அவள் உடம்பில் ஊறிப்போயிருந்தது. உட்கார வைத்தாலோ நிற்க வைத்தாலோ மூச்சு தொண்டையிலேயே நின்றுவிடும், டிராம்போனிலிருந்து ஒரு சின்ன விக்கல் மட்டும் வரும்.

இது தெரியாமல் முதல் வகுப்பில் துறைத் தலைவர் அவளை வாசிக்கச் சொன்னார். சித்திரை வெயிலிலும் டை கட்டிக்கொண்டு வருபவர் என்பதால் அவருக்குப் பெயர் டை சார். அவள் மூச்சை இழுத்தாள், வாசித்தாள், கிளம்பினாள். வகுப்பைத் தாண்டி வராண்டா, வராண்டாவைத் தாண்டி கெமிஸ்ட்ரி லேப். பேண்டு போனால் பின்னால் போவது எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு ரத்தத்திலேயே உண்டு. அவள் வகுப்புப் பையன்கள் பின்னால் போனார்கள், லேப் பிள்ளைகள் குடுவையும் கையுமாகச் சேர்ந்துகொண்டார்கள், நாங்கள் பி.காம்காரர்கள் எதற்கென்றே தெரியாமல் போனோம். எல்லாருக்கும் கடைசியில் டை சார் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கேண்டீன் வாசலில்தான் ஊர்வலம் நின்றது.

"எங்கம்மா போற?" என்றார் அவர்.

"தெர்லங்க சார். எல்லாரும் பின்னாடி வந்தீங்க. சரின்னு நானும் போயிட்டே இருந்தேங்க."

அன்று சாயங்காலமே விடுதியில் நடவண்டி என்று பெயர் வைத்தாகிவிட்டது. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இன்னொரு கிறுக்கும் இருந்தது. எந்த வரிசையிலும் அவள்தான் முதலில் நிற்பாள். மெஸ்ஸில், பஸ்ஸில் ஏற, குளியலறைக்கு, எங்கேயும். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி, உனக்கு மட்டும் தனி ரூலா?"

"டிராம்போன் முன் வரிசையிலதான் போவணும் புள்ள. பின்னாடி வுட்டா முன்னால போறவன் பொடனியில குழா இடிக்கும்."

"இப்ப உன் கையில தட்டுதானடி இருக்குது?"

அவள் தட்டைப் பார்த்தாள். "பழகிப்போச்சு," என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகப் போய் பொங்கல் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் பயிற்சிக்கு விடுதிக்குள் இடம் போதவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு ரயில்வே கேட் வரை வாசித்துக்கொண்டே போவாள். துணைக்கு நான். முதல் நாள் ரோட்டில் பைக்குகளெல்லாம் ஓரம் கட்டின. பால்காரர் ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். வருவது கல்யாணமா சாவா என்று தெரியாததால் சிரிப்பதா வேண்டாமா என்று அவர் முகத்தில் ஒரே குழப்பம். டீக்கடைக்காரர் தைரியமாகவே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, யாரு வூட்ல விசேசம்?"

"செமஸ்டருங்க."

"அப்பிடீங்களா. நல்லபடியா முடியட்டும்," என்று எங்கள் இரண்டு பேருக்கும் டீ கொடுத்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, ஐந்தாவது செமஸ்டர் வரைக்கும். அதில் வாசிப்பை ஒலிப்பதிவு செய்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். மைக் ஒரே இடத்தில் இருக்கும். நடவண்டியோ இருக்க மாட்டாள். பதிவைப் போட்டுக் கேட்டால் தூரத்தில் ஒரு பஸ் வருகிறது, கிட்டே வந்து ஹாரன் அடிக்கிறது, அப்படியே அரூர் பக்கம் போய்விடுகிறது. அரியர் விழுந்துவிட்டது. கடைசி செமஸ்டர் மேடைத் தேர்வில், தரையில் சாக்பீஸால் போட்ட வட்டத்துக்குள் நின்று வாசித்தால்தான் அரியரும் போகும், பட்டமும் வரும். வட்டத்தை விட்டு வெளியே வந்தால் இரண்டும் கிடையாது என்று டை சார் சொல்லிவிட்டார்.

அன்று மெஸ் வரிசையில் அவளைக் காணோம் என்று தேடினேன். கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். 

"என்னடி பின்னால நிக்கற?"

"எங்கப்பா வண்டியில பெயிண்டு அடிச்சிட்டாரு புள்ள."

"என்னன்னு?"

"எங்கள் குழுவில் பட்டதாரி டிராம்போன் கலைஞர்னு. அந்த போர்டோட ஊர் ஊரா டெம்போ சுத்துது. நான் இன்னும் பாஸே ஆவல. ஆவ மாட்டேன்னு அவருகிட்ட எப்பிடிச் சொல்றது?"

அதன் பிறகு அவளை நிற்க வைப்பதுதான் விடுதியின் முழுநேர வேலை ஆயிற்று. எங்கள் வார்டன் அம்மா, யாராவது தும்மினாலே விசாரணை வைக்கிறவர், அவரே முன்நின்று நடத்தினார். காலைத் தண்ணீர் வாளிக்குள் வைத்து வாசிக்கச் சொன்னோம். வாளியோடு மூன்று அறை தாண்டினாள். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னோம். கல்லூரி மேடையில் ஒத்திகை பார்த்தபோது பலகை இடிபட்ட சத்தம் பதிவில் டிராம்போனுக்கு மேல் கேட்டது. துப்பட்டாவால் இடுப்பைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினோம். கட்டிலும் கூடவே கிளம்பியது. அதில் படுத்து அக்கவுண்டன்சி படித்துக்கொண்டிருந்த நான் வராண்டா வரை ஊர்வலம் போய் வந்தேன்.

"இந்தப் புள்ளைய நான் தூணோட கட்டறேன்," என்றார் வார்டன் அம்மா.

"வேணாங்கம்மா," என்றாள் நடவண்டி. "தூணு போச்சுன்னா ஆஸ்டலு வுழுந்துடும்." விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த சமயத்தில்தான் அவள் ஊரில் மாதா கோயில் திருவிழா வந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தேர் எல்லாத் தெருவும் சுற்றியது. தேருக்கு முன்னால் செட், செட்டுக்கு முன்னால் நடவண்டி. அந்த நடையைப் பார்க்க வேண்டும். எங்கள் வராண்டாவில் கோமாளித்தனமாகத் தெரிந்தது, அங்கே ராஜநடையாக இருந்தது. ஊரே அவள் காலை நம்பித்தான் நடந்தது.

தேர் கோயிலுக்குத் திரும்பி வந்ததும், செட் இரண்டாகப் பிரிந்து கேட்டுக்கு இரு பக்கமும் ஒதுங்கியது. நடுவில் தேர் உள்ளே போனது, பின்னால் கூட்டம் போனது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து அவள் காலைப் பார்த்தேன். ஆணி அடித்தது போல இருந்தது. கூட்டம் போய்க்கொண்டே இருந்தது, அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். டீக்கடையில் உட்கார்ந்துவிட்ட ஒருவர் கடைசியாக ஆற அமர வந்து, செருப்பை அவிழ்த்துவிட்டு உள்ளே போன பிறகுதான் பாட்டு முடிந்தது.

"அடிப்பாவி, நின்னுகிட்டே வாசிச்சியேடி."

"கோயில் கேட்டுல நின்னுதான் வாசிக்கணும். கடைசி ஆளு உள்ள போற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

"அப்ப மட்டும் எப்பிடி மூச்சு வந்துச்சு?"

அவளும் அதை யோசித்ததே இல்லை போலிருக்கிறது. டிராம்போனிலிருந்து எச்சில் தண்ணீரை வடித்தாள். "அதான் அவங்க நடக்கறாங்கல்ல," என்றாள். "அப்பறம் நான் வேற எதுக்கு நடக்கணும்?"

விடுதிக்குத் திரும்பியதும் நேராக வார்டன் அம்மாவிடம் போய், கோயில் கேட்டில் பார்த்ததைச் சொன்னேன். அவர் தேர்வு விதிகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு என்னோடு டை சார் அறைக்கு வந்தார்.

"பார்வையாளர்களை அனுமதிக்கலாம்னு போட்டிருக்குதுங்க சார்."

"ஆமா மேடம்."

"உக்கார்ந்துதான் பார்க்கணும்னு எங்கயும் போடலீங்களே?"

டை சார் டையைத் தளர்த்தி நான் பார்த்தது அன்றுதான்.

தேர்வு நாளில் மேடையில் சாக்பீஸ் வட்டம். அதற்குள் நடவண்டி, பக்கத்தில் பியானோ, எதிரே மைக். கீழே வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார், பக்கத்தில் டை சார். வெளியே வராண்டாவில் மொத்த விடுதியும் செருப்பில்லாமல் வரிசை கட்டி நின்றது. சத்தம் வரக் கூடாது என்று எல்லார் கொலுசையும் கழற்றி வார்டன் அம்மா மெஸ் குழம்பு குண்டாவில் போட்டு மூடி வைத்திருந்தார். நான் முதல் ஆள். அவள் முதல் சுரத்தை எடுத்ததும் கிழக்குக் கதவு வழியாக உள்ளே போனேன். மேடையை ஒட்டி மெல்ல நடந்து, மேற்குக் கதவு வழியாக வெளியே வந்து, குழாயடி சுற்றி மறுபடியும் வரிசையில் சேர வேண்டும். வாசிப்பு முடிகிற வரைக்கும் கூட்டம் தீரக் கூடாது. எனக்குப் பின்னால் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மெஸ் அக்கா மாவுக் கையோடு வந்தார். வட்டத்துக்குள் அவள் கால் அசையவில்லை.

மெதுவான இரண்டாம் பகுதிக்கு வந்தாள். அந்தப் பகுதியை நான் ரயில்வே கேட் ரோட்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதுவரை நான் கேட்டதெல்லாம் பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவதைத்தான். அன்று அது ஒரே இடத்தில் இருந்து என்னிடம் பேசியது. இவளா என் கட்டிலை இழுத்துக்கொண்டு போனவள் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்துக் குழாயடி ஈரத்தில் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். பின்னால் வந்தவர்கள் அவள் மேல் விழுந்தார்கள். கிழக்குக் கதவு காலி. நான் மேற்குக் கதவில் நின்று பார்க்கிறேன், உள்ளே நடக்க ஒரு ஆள் இல்லை. அவள் வலது குதிகால் மெல்ல மேலே எழும்புகிறது. கிழக்குக் கதவுக்குச் சுற்றி ஓடினால் சத்தம் கேட்கும். 

டை சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் காலோடு, கையைக் கட்டிக்கொண்டு, மாதா கோயிலுக்குள் போகிற ஆள் மாதிரி மேடைக்கு முன்னால் மெதுவாக நடக்க ஆரம்பித்தார். அவர் மேற்குக் கதவை அடைவதற்குள் குழாயடிக் கூட்டம் நனைந்த பாவாடைகளோடு உள்ளே வந்துவிட்டது. குதிகால் கீழே இறங்கியது. கடைசிச் சுரம் வரைக்கும் அது தரையை விட்டு எழவில்லை.

தேர்வாளர் எதையோ எழுதி முடித்துவிட்டு வார்டன் அம்மாவைப் பார்த்தார். "வந்தவங்களே திரும்பத் திரும்ப வந்த மாதிரி இருந்ததே?"

"ஒரு தடவ கேட்டது பத்தலீங்க," என்றார் வார்டன் அம்மா.

முதல் வகுப்பில் தேறினாள். டெம்போ போர்டு அப்படியே இருக்கிறது, அழிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை. அங்கே எல்லாப் பிள்ளைகளும் நடந்துகொண்டே வாசிப்பதாகவும் தலைமையாசிரியை கவலையில் இருப்பதாகவும் கேள்வி. எனக்கு அதில் கவலை ஒன்றும் இல்லை, கர்வம்தான். என் ரூம்மேட் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

பட்டமளிப்பு அன்று அவள் அப்பா செட்டையே டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அரங்க வாசலில் இரு பக்கமும் செட் நின்றது. முன்னால் கறுப்பு அங்கியில் நடவண்டி. அங்கியின் கை டிராம்போனில் மாட்டாமலிருக்க நான்தான் ஊக்கு குத்திவிட்டேன். தாளாளர் உள்ளே போனார், டை சார் போனார், வார்டன் அம்மா போனார், விடுதி முழுக்கப் போனது. அவள் அசையாமல் நின்று எங்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நான் மட்டும் வெளியே நின்றுவிட்டேன். கடைசி ஆளாக நானும் போய்விட்டால் அவள் வாசிப்பை நிறுத்திவிடுவாள். அதனால் செருப்பு வார் சரியில்லாதது போல் குனிந்துகொண்டேன்.

"ஏன் கண்ணு அந்தப் புள்ள உள்ள போவாம நிக்குது?" என்று அவள் அப்பா கேட்பது காதில் விழுந்தது.

அவள் வாயில் டிராம்போன் இருந்தது. போடி உள்ளே என்று கண்ணாலேயே அதட்டினாள். நான் அடுத்த கால் செருப்பைப் பிடித்துக்கொண்டேன்.