வழிகாட்டி வேண்டாத பத்து இடங்கள்

மூன்றாவது முறையாக எடுத்த செல்ஃபியிலும் மாதுரியோடு இன்னும் நால்வர் விழுந்திருந்தார்கள்.

பின்னணியில் தெரிய வேண்டியது நெடுமாம்பதியின் பழைய ஏற்றக் கிணறு. தெரிந்ததோ சலவை வேட்டியில் குப்பண்ணன், பட்டுச் சேலையில் அவருடைய மனைவி, வியர்த்த முகத்தோடு அவர்களுடைய மகன் அருள்குமார், அருள்குமார் கயிற்றைப் பிடித்திருந்த ஒரு காங்கேயம் காளை. நால்வரில் காளை மட்டுமே கேமராவை இயல்பாகப் பார்த்திருந்தது.

"கொஞ்சம் தள்ளி நின்னா உபகாரமா இருக்கும். படத்துல கிணறு மட்டும்தான் வரணும்" என்று மாதுரி கேட்டுக்கொண்டாள்.

"கெணறு எங்கீங்க அம்மிணி போயிறப் போகுது? அறுவதடி. எந்தக் கோடைலயும் வத்துனதில்லீங்க. அக்கட்ட போர்வெல்லு ரெண்டு இருக்குது, அதையும் ஒரு போட்டோ எடுத்துக்குங்க" என்றார் குப்பண்ணன்.

மாதுரி கைப்பேசியில் மணி பார்த்தாள். பதினொன்றரை.

அவள் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியை. வரலாற்றுச் சிறப்புள்ள சிற்றூர்களைப் பயணிகள் வழிகாட்டியின் துணையின்றித் தாமே சுற்றிப் பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளும் திட்டம் ஒன்றை அந்த அலுவலகம் வகுத்திருந்தது. முதல் ஊர் நெடுமாம்பதி. பாலக்காட்டு வடகரப்பதியைத் தாண்டிக் கோவை மாவட்ட எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அவ்வூரில் பத்து இடங்கள். ஒரு சாதாரணப் பயணியால் ஒரே நாளில் பத்தையும் முடிக்க இயலும் என்பதை மாதுரி நேரில் செய்து காட்ட வேண்டும். படங்களை ஏற்ற வேண்டிய கைப்பேசிச் செயலி மாலை ஐந்து மணிக்கு மூடிக்கொள்ளும். படத்தில் உள்ளூர்க்காரர் எவரேனும் இருந்தால், அவர் வழிகாட்டியாகக் கருதப்பட்டுப் படம் தள்ளுபடி செய்யப்படும். பத்துப் படங்களும் ஏறாவிட்டால் திட்டம் கைவிடப்படும். திட்டத்தோடு மாதுரியின் ஒப்பந்தமும். இதை மேலதிகாரி யாக்கோபு மிகுந்த மரியாதையோடு அவளிடம் தெரிவித்திருந்தார்.

முதல் இரண்டு இடங்களுக்கே இரண்டு மணி நேரம் கழிந்திருந்தது. குதிரைத் தண்ணீர்த் தொட்டியருகே ஒருவர் ஆறு இளநீர் வெட்டிவிட்டார். எல்லைக்கல்லருகே ஓர் அம்மாள் மாதுரியின் நட்சத்திரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். எல்லைக்கல்லைப் பார்ப்பதற்கு நட்சத்திரம் எதற்கு என்பது மாதுரிக்கு விளங்கவில்லை.

துணைக்கு வந்திருந்த அவளுடைய தந்தை நாராயண் கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். எவர் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். இப்போது குப்பண்ணன் வீட்டுக் கூடத்தில், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, எழுந்திருங்கோ. இன்னும் ஏழு இருக்கு."

"பாயசம் மட்டும் பாக்கி. சாப்டாம எழுந்தா அவாளுக்கு மனசு கஷ்டப்படும், கேட்டயா?"

"சாருக்கோசரம் சாம்பார்ல வெங்காயங்கூடப் போடலீங்க" என்றார் குப்பண்ணனின் மனைவி. "கோழி அடிக்கலாம்னுதான் புடிச்சு வெச்சிருந்தோம். நீங்க கார உட்டு எறங்குனதப் பாத்ததுமே அவுத்து உட்டுட்டனுங்க."

"பையனும் ரண்டு வருசமாக் கறி தொடறதில்லீங்க" என்று குப்பண்ணன் சேர்த்துக்கொண்டார். அருள்குமார் திடுக்கிட்டுத் தந்தையைப் பார்த்தான். "சாப்புட்டதும் மேல மாடியப் பாத்துருவோம். அட்டாச்சுடு பாத்ரூமுங்க. வெஸ்டர்னு. இன்னும் ஆருமே பொழங்கல."

மாதுரிக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அப்பகுதிக் குடும்பங்களில் பெண் வீட்டார் முறைப்படி வருவதற்கு முன்னால் வேறு ஏதோ காரியமாக வந்தவர்களைப் போல வந்து, மாப்பிள்ளையின் வீட்டையும் கிணற்றையும் மாட்டையும் பார்த்துவிட்டுப் போவதுண்டு. காரணம் கேட்பது நாகரிகமன்று. எனவே தகப்பனும் மகளும் காரில் வந்திறங்கி, கிணற்றைப் படம் எடுத்து, "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று சொன்னால் அதற்கு அவ்வூரில் ஒரே பொருள்தான்.

"ஐயா, நாங்க அதுக்கு வரலை. இது கவர்மென்ட் வேலை" என்றாள்.

"கவருமெண்டு வேலயுங்களா!" என்று குப்பண்ணன் பூரித்துப் போனார். "கேட்டியா புள்ள? பொண்ணு கவருமெண்டு வேலயாமா."

அவர்கள் பூரித்து முடிப்பதற்குள், வெளியே கிணற்றுக்கு மறுபுறமாக ஓடிப்போய் மாதுரி ஒரு செல்ஃபி எடுத்தாள். காளையின் கொம்பு மட்டும் ஓரத்தில் விழுந்தது. காளையை வழிகாட்டியாகக் கருத விதியில் இடமில்லை. செயலி ஏற்றுக்கொண்டது.

திரும்பி வந்தபோது அருள்குமார் தாழ்ந்த குரலில் சொன்னான்: "அப்பா பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கு முப்பத்தாறு ஆச்சு. தோட்டம் பாக்கறேன்னு சொன்னாப் போதும், அக்கட்ட போனை வெச்சர்றாங்க. நீங்க மூணாவது போட்டோ எடுக்கற வரைக்கும் நின்னீங்க பாருங்க, அதுவே எங்கூட்டுல சாதனைங்க."

மாதுரிக்கு அவனிடம் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நேரமாவது மிஞ்சியிருக்கும். அவன் சொல்லி முடிக்கும்வரை நின்றதில் பத்து நிமிடம் போயிற்று.

அதற்குள் நாராயண் காரருகே நின்று குப்பண்ணனிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார். "ரொம்ப சந்தோஷம். மன்னிக்கணும், இன்னும் ஏழு ஆத்து வாசலுக்குப் போக வேண்டியிருக்கு. அவாளும் காத்திண்டிருப்பா இல்லையோ?"

நாராயண் உபசாரத்துக்காகச் சொன்னது அது. குப்பண்ணனின் முகம் சுண்டிப் போயிற்று. "ஏழு ஊடுங்களா?" என்றவர், கார் திரும்புவதற்குள் யாருக்கோ போன் போட்டுவிட்டார்.

நான்காவது இடமாகிய சுமைதாங்கிக் கல்லருகே பந்தல் போட்டிருந்தார்கள். முப்பது நாற்காலிகள். நடுவில் சந்துரு என்னும் இளைஞர் மடிப்புக் கலையாத சட்டையில் நின்றார். சட்டையின் காலரில் விலைச்சீட்டு தொங்கியது. நூற்றாண்டுகள் பழமையான சுமைதாங்கிக்கு வெள்ளி வண்ணம் அடித்திருந்தார்கள். வண்ணம் இன்னும் காயவில்லை.

"கல்லு பழசா இருக்குதேன்னு நீங்க நெனச்சுக்கக் கூடாதுங்களே, அதான்" என்றார் சந்துருவின் தாயார்.

செயலி அந்தக் கல்லை அடையாளம் காண மறுத்தது. மாதுரி தன் துப்பட்டாவால் ஒரு பக்கத்து வண்ணத்தைத் துடைத்தெடுத்து, அந்தப் பக்கமாக மண்டியிட்டுப் படம் பிடித்தாள். துப்பட்டா வெள்ளியாயிற்று.

இனி இவ்விதம் இயலாது என்று கண்டு, வரைபடத்தின் அடியில் 'உதவிக்கு' என்று குறிக்கப்பட்டிருந்த எண்ணை அழைத்தாள். அது பஞ்சாயத்து உறுப்பினர் பூவாத்தாளின் எண். பத்து இடங்களின் பெயரையும் வரலாற்றையும் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பியவர் அவரே.

"மெம்பர் மேடம், இங்க எல்லாரும் தப்பா நினைச்சுண்டிருக்கா. நான் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்க வரலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"அட கெரகமே! நீங்க வெசனப்படாதீங்க அம்மிணி" என்றது கனிவான குரல். "இப்பவே அல்லாருக்கும் சொல்லிப்போடறேன். ஒரு எடத்துலயும் நீங்க காத்துட்டு நிக்க வேண்டியதில்ல."

பூவாத்தாள் சொன்னபடியே செய்தார். ஐந்தாவது இடமாகிய நெற்களஞ்சியத்தில் மாதுரி காத்துநிற்க நேரவில்லை. அவளுக்கு முன்பாகவே எல்லோரும் தயாராக நின்றார்கள். அரிசி ஆலை வைத்திருந்த குடும்பம் அது. மாப்பிள்ளையின் படிப்புச் சான்றிதழ்கள் சட்டமிடப்பட்டு, களஞ்சியத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கின.

மகள் கண்கலங்குவதைக் கண்ட நாராயண், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பொய் சொல்வதென்று தீர்மானித்தார்.

"நீங்கள்லாம் க்ஷமிக்கணும். இவளுக்கு நிச்சயம் ஆயிடுத்து."

ஆலைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "எப்பங்க?"

பொய் சொல்லிப் பழகாத நாராயண் தடுமாறினார். "இப்பத்தான். இன்னிக்குக் காலம்பற."

"காலைல எங்க இருந்தீங்க?"

"குப்பண்ணன் ஆத்துல சாப்டுண்டு இருந்தோம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

அடுத்த கால் மணி நேரத்தில் குப்பண்ணன் ஜீப்பில் வந்து சேர்ந்தார். பின்னால் ஒரு வாழைத்தார், வெற்றிலைத் தட்டு, பதினோரு பங்காளிகள்.

"சம்மந்தி, என்ற கிட்டச் சொல்லாம ஊருக்கெல்லாஞ் சொல்லிட்டீங்களே!" என்று நாராயணைக் கட்டிக்கொண்டார்.

"அதெப்படி? எங்கூட்டுக் களஞ்சியத்தப் பாக்காமயே முடிவு பண்ணிட்டாங்களா?" என்று ஆலைக்காரர் முன்னே வந்தார்.

"உன்ற களஞ்சியத்துல எலிதான இருக்குது!"

"உன்ற பையன் போன வாரங்கூடக் கஞ்சிக்கோட்டுல சில்லி சிக்கன் தின்னான்டா! நாம் பாத்தேன்!"

"பாத்தியா? அப்ப நீ அங்க என்னடா தின்னுட்டிருந்த?"

அப்போது மாதுரியின் கைப்பேசி ஒலித்தது. யாக்கோபு.

"மாதுரி, கைடு ஆருமில்லல்லோ? தனியாத்தானே போறது?"

"ஆமா சார். ரொம்ப அமைதியான ஊர் சார்."

"பின்ன என்னது அந்தச் சத்தம்?"

"பாலக்காட்டுக் காத்து சார்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

மணி மூன்றரை. சண்டையின் நடுவே களஞ்சியத்தின் படம் ஏறிவிட்டது; இன்னும் ஐந்து இடங்கள் பாக்கி. மாதுரி ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றாள்.

"எனக்கு யாரோடயும் நிச்சயம் ஆகலை! ஆனா அஞ்சு மணிக்குள்ள பத்துப் போட்டோ ஏறலைன்னா எனக்கு வேலை போயிடும். மாப்பிள்ளைகள் தயவு செஞ்சு என் போட்டோவுல வராம, கூட்டத்தைத் தள்ளி நிறுத்தினாப் போதும். அதைவிடப் பெரிய உபகாரம் எனக்கு யாரும் பண்ண முடியாது."

யாரோடும் நிச்சயம் ஆகவில்லை என்பது மட்டுமே கூட்டத்தின் காதில் விழுந்தது.

அதன் பின் நடந்தவை அந்த ஊரின் வரலாற்றில் சேர்க்கப்பட வேண்டியவை. செய்தி கேட்டு வந்திருந்த அருள்குமார் பைக்கில் முன்னே சென்று வழி விலக்கினான். சந்துரு பின்னே வந்தார். ஆலைக்காரர் மகன் பக்கவாட்டில் ஓட்டினார். ஒவ்வோர் இடத்திலும் அந்தந்த இடத்து மாப்பிள்ளையும் தன் வண்டியை எடுத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். கல்மண்டபத்தில் அவர்கள் கைகோத்து நின்று, தத்தம் தாய்மார்களையே தடுத்தார்கள். உடைந்த மதகில் ஒருவர் வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தம் அத்தை படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டார். வழிகாட்டியே வேண்டாத பயணம், பதினான்கு வண்டிகளின் அணிவகுப்போடு, ஒலிப்பானை முழக்கியபடி தென்னந்தோப்புகளுக்கிடையே சென்றது. அதில் நாராயண் மட்டும் ஜன்னல் வழியே ஒவ்வொருவருக்கும் கை கூப்பிக்கொண்டே வந்தார்.

நான்கு மணி ஐம்பது நிமிடத்துக்கு ஒன்பதாவது படம் ஏறியது.

பத்தாவது இடம் பழைய வண்டிப்பேட்டை. அதன் திருப்பத்தை அடைந்ததும் அணிவகுப்பு நின்றுவிட்டது.

"ஏன் நின்னுட்டேள்?"

"இதுக்கு மேல ஒரு வண்டி வரப்படாதுன்னு மெம்பரு கண்டிசனாச் சொல்லிட்டாங்க" என்றான் அருள்குமார். "நீங்க மட்டும் போங்க. நல்லபடியா எடுத்துட்டு வாங்க."

மாதுரி இறங்கி ஓடினாள். வண்டிப்பேட்டையில் பந்தலில்லை, நாற்காலியில்லை, இலையில்லை. கருங்கல் தூண்கள் மாலை வெயிலில் தனியே நின்றன. தூணுக்கருகே கதர்ச் சேலையில் பூவாத்தாள் மட்டும் நின்றிருந்தார்.

மாதுரிக்கு அழுகை வந்துவிட்டது. "ரொம்ப நன்றி மேடம். இந்த ஊர்லயே என்னைப் புரிஞ்சுண்டது நீங்க ஒருத்தர்தான்."

"அதுக்கென்னுங் கண்ணு" என்று பூவாத்தாள் அவளுடைய துப்பட்டாவில் இருந்த வெள்ளியைத் தட்டிவிட்டார். "வேல பத்திரமா இருந்தாச் சரி."

நான்கு ஐம்பத்தேழு. மாதுரி தூணுக்கு முதுகு காட்டி நின்று, கைப்பேசியை உயர்த்தினாள். திரையில் தூண்கள் முழுமையாகத் தெரிந்தன. ஒருவர்கூட இல்லை. விரலைக் கொண்டு போனாள்.

பூவாத்தாள் மென்மையாக அவளுடைய கைப்பேசியைத் தாழ்த்தினார்.

"ரண்டே நிமிசம் பொறுத்துக்குங்க அம்மிணி, ஊர்ல பொண்ணு கெடைக்காத பசங்க பத்துப் பேருன்னுதான் ஊட்டுக்கொண்ணா பத்து எடம் எழுதிக் குடுத்தேன், பத்தாவது எங்கூடு, பையன் உள்ள சட்டை மாத்திட்டிருக்கறான்."