கோடு விழுந்த பெயர்

பூங்கா வாசலில் கொடுத்த வரைபடத்தை ஏசுதாஸ் நான்காவது முறையாகப் பிரித்தான். மொத்தம் இருபத்தாறு ராட்டினங்கள். இருபதின் பக்கத்தில் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தான். இரண்டுக்குக் கேள்விக்குறி. மீதி நான்கில் ஒன்று ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது. இன்னொன்று ராட்டினமே இல்லை, கழிப்பறை. அதையும் சேர்த்து எண்ணியிருந்தான்.

"அப்ப ரெண்டுதான் தேறுது," என்றாள் அவன் மனைவி ரோசி.

"ரெண்டு போதும். நான் ஏறி இறங்குறத அவரு கண்ணால பாத்துட்டாப் போதும்."

அவர் என்றது, தோட்டத்து ஆட்களை ஒரு நாள் சுற்றுலாவுக்கு அழைத்து வந்திருந்த சூப்பர்வைசர் பாண்டித்துரையை. சற்றுத் தள்ளி, சிமென்ட் பெஞ்சில், சட்டைப் பையில் சின்ன நீல நோட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், எல்லாருடைய பைகளையும் மடியில் குவித்துக்கொண்டு, காய் எடுக்கும் மதலேனம்மாள். அவருக்கு ரத்தக் கொதிப்பு, அவளுக்கு முட்டு வலி. இருவரும் எதிலும் ஏறப் போவதில்லை என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஏசுதாஸ், சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் ஜீப் டிரைவர். காய் எடுக்கும் பெண்களைக் காலையில் மேல் டிவிஷனுக்கு ஏற்றிப் போய் மாலையில் இறக்கிவிடுவது அவன் வேலை. ஆறு வாரத்துக்கு முன்னால் ஜீப் சேற்றில் புதைந்துவிட்டது. உள்ளே இருந்த பதினாலு பேரையும் இறங்கச் சொல்லக் கூச்சமாக இருந்ததால், அவர்கள் உட்கார்ந்தபடியே இருக்க, பின்பக்கத்தை அவனே தூக்கிப் பார்த்தான். ஜீப் எழும்பவில்லை. முதுகுதான் பிடித்துக்கொண்டது.

ராஜாக்காட்டு டாக்டர் இடுப்புக்கு ஒரு பெல்ட் எழுதிக் கொடுத்தார். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, மூன்று மாதம் குலுங்கவே கூடாது என்றார். மூன்று மாதத்தை ஏசுதாஸ் தோட்டத்தில் ஆறு வாரம் என்று சொல்லியிருந்தான். அந்த ஆறு வாரம் இன்றோடு முடிகிறது.

அதுவரை ஜீப்பை ஜோஜோ என்கிற புதுப் பையன் ஓட்டினான். நாளைக்கு ஜீப் ஏசுதாஸ் கைக்குத் திரும்பாவிட்டால் அது ஜோஜோவுக்கே போய்விடும். ஜீப் போனால் ஷெட்டை ஒட்டிய டிரைவர் வீடும் போய்விடும். ரோசியும் அவனும் மறுபடி தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறைக்குப் போக வேண்டும்.

அந்தப் பயம் இன்று காலையில் இரட்டிப்பானது. டீ குடிக்க பஸ் நின்ற இடத்தில் பாண்டித்துரை நீல நோட்டை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். பக்கத்தின் உச்சியில் ஒரே ஒரு பெயர். ஏசுதாஸ். அடியில் ஒரு கோடு.

அந்த நோட்டில் ஒழுங்காக வேலை பார்க்கிறவர்கள் பெயர் வராது. மரத்தடியில் உட்கார்ந்தவர்கள், பாதிப் பையோடு திரும்பி வந்தவர்கள், மழை என்று நின்றுவிட்டவர்கள் பெயர்தான் ஏறும். ஏறினால் ஏன் என்று யாரும் போய்க் கேட்பதில்லை. கேட்டால் அடியில் இன்னொரு கோடு விழும். பொழுது சாய்வதற்குள் ஓடி ஓடி வேலை செய்து காட்ட வேண்டும். அவருக்குத் திருப்தியானால் பெயரின்மேல் குறுக்கே கோடு போட்டு அடித்துவிடுவார். அதோடு தீர்ந்தது.

"அடிக்க வைக்கணும் ரோசி. சாயங்காலத்துக்குள்ள அடிக்க வைக்கணும்."

ரோசி ஒரு மரத்தின் மறைவில் அவன் சட்டையைத் தூக்கி பெல்ட்டை இறுக்கினாள். "முதலாளி பங்களாப் பெரியம்மாவும் இதே பெல்ட்டுதான் போட்டுருக்காங்களாம். முதுகுல ஆபரேசன் ஆனதுலருந்து வாசலத் தாண்டல. புதுக் காரு வாங்கி ஷெட்டுல போத்திப் போட்டுக் கெடக்கு."

"அவங்க காரு எனக்கு எதுக்கு? என் ஜீப்பு எனக்குக் கெடைக்கட்டும்."

முதலில் குதிரை ராட்டினம். குதிரைகள் மேலும் கீழும் போவதை இரண்டு சுற்று நின்று கவனித்தான். ஒரு குதிரை ஏறக்குறைய ஒரு முழம் ஏறி இறங்கியது. நடுவில் அசையாத ரதம் ஒன்று இருந்தது. அதில் போய் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். ராட்டினம் சுற்றத் தொடங்கியதும் பாண்டித்துரை இருந்த பக்கம் பார்த்து, பெரிய சாகசம் செய்கிறவன்போல் "ஓ!" என்று கத்தினான்.

ரதத்தில் எதிரே இருந்த இரண்டு வயதுக் குழந்தை மிரண்டு அழுதது. குழந்தையின் தாய் ராட்டினத்தை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார்கள். ஏசுதாஸை இறங்கச் சொன்னார்கள்.

"என்னலே ஏசுதாஸு," என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "பச்சப்பிள்ளைகள்லாம் குதிரையில போவுது, நீ பெட்டியில போற? முதுகு இன்னும் சரியாகலயோ?"

"ஐயோ, அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கு சார்! ரோசிக்குத்தான் தலை சுத்தும். அவளுக்குத் துணைக்கு ஏறுனேன்."

ரோசி ராட்டினத்துக்கு வெளியே நின்று ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பாண்டித்துரை நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார். ஏதோ யோசித்து மூடினார். ஏசுதாஸ் அவசரமாக வரைபடத்தைப் பிரித்தான்.

"பெரிசா இருக்கணும், ஆனா மெதுவா இருக்கணும்," என்று வரைபடத்தில் விரலை ஓட்டினான். அவனுடைய இரண்டாவது தேர்வு அப்படித்தான் இருந்தது. ஆகாய ராட்டினம். ஊரே பார்க்கும் உயரம். வேகமோ மாட்டு வண்டி வேகம். இதில் தப்பு நடக்க வழியே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதாலேயே கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது.

தொட்டிக்கு இரண்டு பேர். ரோசி முந்தின தொட்டியில் வேறொருத்தியோடு ஏறிவிட்டாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது ஜோஜோ.

"அண்ணே, எனக்குப் பயமா இருக்குண்ணே. பொம்பளைங்க தள்ளி விட்டுட்டாங்க."

பெண்கள் கீழே நின்று கை தட்டினார்கள். ஆறு வாரமாக அவர்களுக்கு ஜோஜோமேல் ஒரே மனக்குறைதான். "இவன் ஓட்டுனா தூக்குல இருக்க ரசங்கூடத் தளும்பாது. ஆனா மேல போய்ச் சேருறதுக்குள்ள ரசம் புளிச்சுப் போவும்."

தொட்டி உச்சிக்குப் போனதும் ஆள் ஏற்றுவதற்காக ராட்டினம் நின்றது. காற்றில் தொட்டி லேசாக ஆடியது. ஜோஜோ கண்ணை மூடிக்கொண்டு ஏசுதாஸின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான்.

"விடுறா."

"மாட்டேண்ணே."

"ஏலே, முதுகுடா! விடு!"

ஜோஜோ இன்னும் இறுக்கினான். உள்ளே ஏதோ ஒன்று 'டக்' என்றது. உட்கார முடியாமல் ஏசுதாஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தான். எழுந்தது பாதியிலேயே நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி, ஒரு கையை வானத்துக்கு நீட்டியபடி, அப்படியே இரண்டு சுற்று வந்தான்.

கீழே ஆரவாரம். "ஏசுதாஸு எந்திரிச்சு நிக்கிறாம் பாரு! உச்சியில எந்திரிச்சு நிக்கிறான்!"

இறங்கியதும் ஜோஜோ புல் தரையில் குப்புற விழுந்து வாந்தி எடுத்தான். ஏசுதாஸ் நடந்த நடையைப் பார்த்து, "நெஞ்ச நிமித்திட்டு எப்பிடி வாரான் பாத்தியா," என்றாள் ஒருத்தி. குனிய அவனால் முடியவில்லை.

"ஏலே, நெசமாவே சரியாயிருச்சா?" என்று பாண்டித்துரை ஆச்சரியமாகக் கேட்டார். அந்த ஆச்சரியத்தில் பாதி நம்பிக்கைதான் இருந்தது. நோட்டு இன்னும் பையைவிட்டு வெளியே வரவில்லை.

"அப்ப அதுலயும் ஏறச் சொல்லுங்க!" என்று பெண்கள் கை காட்டினார்கள்.

அவர்கள் காட்டியது பூங்காவிலேயே பெரிய ரயில். செங்குத்தாக ஏறி, அப்படியே விழுந்து, ஒரு முறை தலைகீழாகச் சுழன்று வரும். வரைபடத்தில் அதற்கு மட்டும் ஏசுதாஸ் மூன்று பெருக்கல் குறி போட்டிருந்தான்.

மறுத்தால் இதுவரை பட்டதெல்லாம் வீண். ஏறினால் மிச்சம் இருக்கிற முதுகும் போய்விடும். வரிசையில் நகர்ந்துகொண்டே யோசித்தான். அப்போதுதான் அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டது. முதுகுத்தண்டுப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை.

அவனுக்குள் ஒரு வெளிச்சம். அவனாக விலகினால்தான் குற்றம். பூங்காக்காரர்களே திருப்பி அனுப்பினால் யார் என்ன சொல்ல முடியும்? வாசலில் நின்ற சீருடைப் பெண்ணின் எதிரில் சட்டையை மெல்ல உயர்த்தி, பெல்ட் தெரியும்படி இடுப்பைச் சொறிந்தான்.

அவள் பார்த்துவிட்டாள். "சேட்டா, இது எந்தா?" என்று பெல்ட்டைக் காட்டி மலையாளத்தில் கேட்டாள்.

ஏசுதாஸ் வாயைத் திறந்தான். அதே நேரம், வேடிக்கை பார்க்க வரிசையின் ஓரத்துக்கே வந்துவிட்ட பாண்டித்துரையின் குரல் கேட்டது. "என்னலே இடுப்புல?"

"பர்ஸ் வைக்கிற பெல்ட்டு சார்!" என்றது ஏசுதாஸின் வாய்.

அந்தப் பெண்ணுக்கு அந்த அளவு தமிழ் தெரிந்திருந்தது. சாமான் எதையும் ரயிலில் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி, கழற்றி வெளியே கொடுக்கச் சொல்லிக் கை காட்டினாள்.

பெல்ட் ரோசியின் கைக்குப் போனது. "வேண்டாங்க," என்று அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "லயத்துக்கே போயிருவோம். வாங்க."

அவன் அவளைப் பார்த்தான். ஷெட் ஓரத்து வீட்டின் சமையலறை ஜன்னலில் அவள் வளர்க்கும் புதினாத் தொட்டி ஞாபகம் வந்தது. ஏறி உட்கார்ந்தான்.

அடுத்த இரண்டு நிமிடம் பற்றி அவனுக்குத் தெளிவாக எதுவும் நினைவில்லை. விழுந்தபோது மாதாவைக் கூப்பிட்டான். சுழன்றபோது தெரிந்த புனிதர்களை எல்லாம் கூப்பிட்டான். கம்பியைப் பிடித்தால் முதுகு இழுத்ததால் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டான். ரயில் நின்ற பிறகும் அவை இறங்கவில்லை.

கைகளைத் தூக்கியபடியே அவன் வெளியே வந்தான். பெண்கள் குலவை போட்டார்கள். பாண்டித்துரை வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏ அப்பா! உன்ன என்னமோன்னு நெனச்சேன். உனக்கு முதுகா வலிக்கி? வலிச்சா இந்த ஆட்டம் ஆடுவியா?"

நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார். ஏசுதாஸ் எட்டிப் பார்த்தான். பெயரின்மேல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கோணலில்லாமல் ஒரு கோடு. அதன் கீழே புதிதாக ஒரு பெயர் எழுதினார். ஜோஜோ.

அவ்வளவு வலியிலும் ஏசுதாஸுக்குக் கண்ணில் நீர் வந்தது.

மாலையில் பஸ் மலை ஏறியது. காலியாக இருந்தது பின்சக்கரத்துக்கு மேலிருந்த இருக்கைதான். அவன் உட்காரவில்லை. காற்று வாங்குவதாகச் சொல்லிக் கம்பியைப் பிடித்து நின்றான். ரோசி யாரும் பார்க்காதபோது பெல்ட்டைச் சட்டைக்குள் நுழைத்துக் கட்டினாள்.

"ஜெயிச்சிட்டோம் பிள்ள," என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

முன் இருக்கையிலிருந்து பாண்டித்துரை திரும்பினார். "ஏசுதாஸு! நாளைக்கு ஆறு மணிக்கு ஜீப்ப எடுத்துரு. மேல் டிவிஷன் ரோட்ட மழை அரிச்சுப் போட்டிருக்கு, ஒன்ன மாதிரி ஆளுதான் அதுல ஓட்ட முடியும். வழக்கம்போலப் பதினாலு பேரு."

"சரி சார்!"

இரண்டு இருக்கை தள்ளி ஜோஜோ ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினான். முகம் வெளுத்துக் கிடந்தது. ஏசுதாஸுக்கு மனது கேட்கவில்லை. தான் செய்த வேலையால்தானே அந்தப் பையன் பெயர் நோட்டில் ஏறியது? ஜெயித்தவன் கொஞ்சம் பெருந்தன்மையாக இருக்கலாம். நாள் முழுக்கப் பாண்டித்துரையோடு பெஞ்சில் இருந்த மதலேனம்மாள் பக்கம் மெதுவாக நகர்ந்தான்.

"யக்கா, ஜோஜோ பாவம் சின்னப்பய. பயந்ததுக்காகப் பேர எழுதிட்டாரே. நீங்க ஒரு வார்த்தை சொல்லி அடிக்கச் சொல்லுங்களேன்."

மதலேனம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அட கூறுகெட்டவனே, பெரியம்மாவ அலுங்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற புதுக் காருக்கு, முதுகு வலி தெரிஞ்சவன்தான் வேணும்னு முதலாளி உம்பேரத்தான் மொதல்ல எழுதச் சொல்லிருந்தாரு, நீதான் ஆடி ஆடி அதை அடிக்க வச்சுட்டியே!"