ஐந்து நிகழ்ச்சிப் பரிமளம்

"நொண்டாமல் நட பிள்ளை, அவை வாசல் படலையடிக்கு வந்திட்டினம்!"

ஏரம்பு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மகள் பரிமளத்துக்கு நிற்பதே பெரும்பாடாக இருந்தது. முந்தாநாள் யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான ஐந்து நிகழ்ச்சிப் போட்டி. தடை தாண்டி ஓடி, குண்டு போட்டு, உயரம் பாய்ந்து, நீளம் பாய்ந்து, கடைசியில் இருநூறு மீற்றரும் ஓடி முதலாவதாக வந்தவள் அவள்.

நேற்றுத் தரகர் குலசிங்கம் செய்தி அனுப்பினார். அனலைதீவில் நல்ல இடம். மறுநாளே பெண் பார்க்க மடத்துவெளி வீட்டுக்கு வருகிறார்களாம். சாதகம்கூடப் பிறகு பார்க்கலாமாம். ஏரம்புவுக்குத் தலைகால் புரியவில்லை.

"உள்ளதைச் சொல்லுங்கோவன் அப்பா."

"கட்டைக் காற்சட்டையோட ஊர் பார்க்கப் பாய்ஞ்சவள் எண்டோ? வந்த வள்ளத்திலேயே திரும்பிப் போயிடுவினம்!"

வென்ற கிண்ணம் ஏற்கெனவே அரிசிப் பானைக்குள் போயிருந்தது.

மாப்பிள்ளையின் தாய் இலட்சுமிப்பிள்ளை கதிரையில் அமர்ந்தார். பக்கத்தில் குலசிங்கம். பரிமளம் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"பிள்ளை ஏன் காலை இழுக்கிறா?" என்று கேட்டார் இலட்சுமிப்பிள்ளை.

"கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டாள்," என்றார் ஏரம்பு.

தட்டம் கடகடத்தது. குண்டு போட்ட கை இன்னும் சொல்வழி கேட்கவில்லை.

"கைக்கு என்ன?"

"அது... சின்னனில இருந்தே பெலன் குறைவு. வாளி தூக்க ஏலாது."

பரிமளம் தகப்பனை முறைத்தாள். குலசிங்கம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஏரம்பு விடவில்லை.

"முகமும் வாடிக் கருத்துக் கிடக்கு," என்றார் இலட்சுமிப்பிள்ளை.

மைதானத்து வெயிலை எப்படிச் சொல்வது? "போன மாதம் பொல்லாத காய்ச்சல். இப்பதான் எழும்பி நடக்கிறாள்."

இலட்சுமிப்பிள்ளை தேத்தண்ணியைத் தொடாமலே கீழே வைத்தார். காரியம் கைநழுவுவதைக் கண்ட ஏரம்பு அவசரப்பட்டார்.

"ஆனால் அடக்கமான பிள்ளை அக்கா! ஓட்டம், பாய்ச்சல் எண்டால் என்னெண்டே தெரியாது. நாலு எட்டு வைச்சாலே மூச்சு வாங்கும்!"

இலட்சுமிப்பிள்ளை எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரகர் பக்கம் திரும்பினார்.

"என்ன குலசிங்கம், வீடு மாறிக் கூட்டியந்திட்டீரோ? என்ர மோன் முந்தாநாள் மைதானத்தில கண்டு, கட்டினால் இவளைத்தான் எண்டு ஒற்றைக்காலில நிக்கிற அந்த ஐஞ்சு போட்டிக்காரியின்ர வீடு எதெண்டு ஆரையும் விசாரியும்!"