காணாமல் போகாத திரு. பதினேழு

எங்கள் பேரவையின் படிவத்தில் ஒரு விதி உண்டு: "நிகழ்ந்த அநீதிகளை ஆண்டு வரிசை பிசகாமல் எழுதுக. பிசகினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்." அந்த விதியை எழுதியவன் நான். ஆகவே எரித்திரிய நாட்டுப் பெண் செனாயித் நிரப்பித் தந்த பதினேழாம் இலக்க விண்ணப்பத்தில் உள்ளவற்றை வரிசை பிசகாமல் தருகிறேன்.

முதலாவது, 1890. இத்தாலிக்காரர் வந்து, பக்கத்தில் இருந்த கடலின் பெயரை நிலத்துக்கு வைத்தார்கள். நிலத்தில் இருந்தவர்களைக் கேட்கவில்லை.

இரண்டாவது, 1941. இத்தாலிக்காரரை விரட்டி ஆங்கிலேயர் வந்தார்கள். விடுவிக்க வந்தவர்கள் என்றபடியால், துறைமுகத்துத் தளவாடங்களையும் தொழிற்சாலை இயந்திரங்களையும் கழற்றி அவற்றையும் விடுவித்தார்கள்.

மூன்றாவது, 1952. ஐக்கிய நாடுகள் சபை அந்த நாட்டை எத்தியோப்பியாவுக்குக் கட்டிவைத்தது. மாப்பிள்ளைக்குச் சம்மதம். பெண்ணைக் கேட்கவில்லை.

நான்காவது, 1962. எத்தியோப்பியப் பேரரசர் கூட்டாட்சியைக் கலைத்து முழுதாக விழுங்கினார். கட்டிவைத்த சபைக்கு அன்று வேறு வேலை இருந்தது.

ஐந்தாவது, முப்பது வருடப் போர். 1991இல் வென்றார்கள். 1993இல் வாக்களித்துத் தனி நாடானார்கள். இது அநீதி அல்ல. எங்கள் படிவத்தில் நல்ல செய்திக்குக் கட்டம் இல்லாதபடியால் இங்கே எழுத வேண்டி வந்தது.

ஆறாவது, 1997. அரசியலமைப்பு ஒன்று எழுதி நிறைவேற்றினார்கள். அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தேர்தலும் வரவில்லை.

ஏழாவது, 1998. ஒரு சின்ன எல்லைப் பட்டினத்துக்காக இரண்டு வருடம் சண்டை. பல்லாயிரம் சாவு.

எட்டாவது, 2001. "அந்த அரசியலமைப்பு எங்கே?" என்று கேட்ட பழைய போராளித் தலைவர்களையும், அந்தக் கேள்வியை அச்சடித்த பத்திரிகைக்காரரையும் பிடித்து அடைத்தார்கள். வழக்கு இன்னும் தொடங்கவில்லை.

ஒன்பதாவது, 2002. பதினெட்டு மாதம் என்று சட்டத்தில் உள்ள கட்டாயத் தேசிய சேவைக்கு முடிவுத் திகதி இல்லாமல் போனது.

பத்தாவது, 2012. அந்தச் சேவையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கிடானே தெக்லே, செனாயித்தின் தமையன், "என்னுடைய பதினெட்டு மாதம் எப்போது முடியும்?" என்று ஒரு கூட்டத்தில் எழும்பிக் கேட்டார். அடுத்த நாள் வகுப்பறையில் இருந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு தகவல் இல்லை.

கோரிக்கை என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி. டிசம்பர் பத்து, மனித உரிமை தினத்தன்று, எங்கள் கூட்டத்தில் காணாமல் போனோர் பட்டியல் வாசிக்கும்போது தமையனின் பெயரையும் ஒரு தடவை சத்தமாக வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அகில மொன்றியல் ஒடுக்கப்பட்டோர் ஒருமைப்பாட்டுப் பேரவை என்பது சாதாரண அமைப்பு அல்ல. நகரின் வில்லரேப் பகுதியில் ஒரு பல்வைத்தியரின் கடைக்கு மேலே எங்களுக்கு அறை இருக்கிறது. ஒடுக்கப்பட்ட எவரும் எங்களிடம் வரலாம். உரிய படிவத்தோடு வர வேண்டும், அவ்வளவே. தலைவர் சிவநேசம், செயலாளர் நான், சரிபார்ப்பு உபகுழு மாதவன். மாதவன் சென்னைப் பிள்ளை. டவுன்டவுனில் ஒரு கம்பனியில் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் துயரங்களையெல்லாம் ஒரு செயலியில் ஏற்றித் தந்தவர் அவர்தான்.

செனாயித், ஜான்-டலோன் சந்தையில் எங்கள் கௌரியோடு எட்டு வருடம் காய்கறிப் பெட்டி தூக்கியவள். பிரெஞ்சு பழக முதலே யாழ்ப்பாணத் தமிழ் பழகிவிட்டாள். விலை சொல்லவும் ஏசவும் அது போதுமாக இருந்தது. கௌரிதான் அவளை எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தாள்.

விசாரணை முறைப்படி ஆரம்பமானது.

"குடும்பப் பெயர்?" என்றார் தலைவர்.

"எங்களிட்ட அது இல்லை அண்ணை. தகப்பன்ர பேர்தான்."

"எங்களிட்டயும் இல்லைத்தான். ஆனா படிவத்தில இருக்கே."

அது நிலுவையில் வைக்கப்பட்டது.

தலைவருக்கு வேறொரு சங்கடம் இருந்தது. அவர் நாற்பது வருடமாக எரித்திரியாவைப் பற்றி அரசியல் வகுப்பெடுத்தவர். ஒரு சின்னச் சனம், முப்பது வருடம், ஒருவரிடமும் கையேந்தாமல் வென்றது என்று அவர் மேசையில் குத்திச் சொன்னால் கேட்பவர்களுக்கு மயிர் சிலிர்க்கும். வகுப்பு முடிவில் கொடுக்கும் துண்டுப்பிரசுரம் நான் எழுதியது. ஏழு பதிப்பு கண்டது.

"பிள்ளை, உங்களுக்குத்தான் விடுதலை கிடைச்சிட்டுதே. பேந்து என்னண்டு ஆள் காணாமல் போகும்?"

"விடுதலை எடுத்துத் தந்த ஆக்கள்தான் கொண்டு போனவை."

"அது உள்வீட்டுப் பிரச்சினை. என்ர வகுப்பு தொண்ணூற்றி மூண்டோட முடியுது."

"எங்களுக்கு அங்க இருந்துதான் அண்ணை தொடங்குது" என்றாள் செனாயித்.

தலைவர் மாதவனைப் பார்த்தார். மாதவன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"சார், இங்க பாருங்க. காணாமல் போனதுக்கான சான்றிதழ். சிவப்பு ஸ்டார் போட்ட பாக்ஸ். அதை ஏத்தாம சப்மிட் பட்டனே வராது."

"ஆர் தாற சான்றிதழ்?" என்றாள் செனாயித்.

"உங்க நாட்டு அரசாங்கம்தான் தரணும் மேடம்."

"அவைதானே ஆளைக் கொண்டு போனது."

"அப்போ ரெக்கார்ட் அவங்ககிட்டதானே தெளிவா இருக்கும்?"

கௌரி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவையிட்ட என்ன கடதாசி எடுக்கிறதெண்டாலும்," என்று செனாயித் மெதுவாகச் சொன்னாள், "எங்களைப் போல ஓடி வந்த ஆக்கள் முதல்ல ஒரு கடிதத்தில கையெழுத்து வைக்க வேணும். சேவையை முடிக்காமல் ஓடினதுக்கு வருந்துறன், என்ன தண்டனை தந்தாலும் ஏற்கிறன் எண்டு."

"வையன்!" என்றார் தலைவர். "வருந்துறதில என்ன குறைஞ்சு போச்சு?"

"நான் வருந்தேல்லை அண்ணை."

"படிவம்தானே பிள்ளை. படிவத்தில ஆரும் உண்மை எழுதுவினமோ?"

பிறகு அது எங்கள் படிவத்துக்கும் பொருந்தும் என்று உணர்ந்து, தண்ணீர் குடித்தார்.

மாதவன்தான் வழி கண்டுபிடித்தார். படித்த பிள்ளை.

"மேடம், உங்க அண்ணனோட சர்வீஸ் எப்போ முடியுது?"

"முடியாது. அதைக் கேட்டுத்தானே பிடிபட்டவர்."

"ரிலீஸ் லெட்டர் ஏதாவது குடுத்தாங்களா?"

"இல்லை."

"அப்போ அவர் இன்னும் சர்வீஸ்லதான் இருக்கார். மிஸ்ஸிங் இல்ல சார். ஆன் டியூட்டி."

தலைவரின் முகம் தெளிந்தது. ஒரு விடுதலை பெற்ற நாட்டின் மானமும் ஒரு வகுப்பின் மானமும் ஒரே வசனத்தில் காப்பாற்றப்பட்டன. நான் பதிவு செய்த தீர்மானம் இதுதான்: "விண்ணப்பம் பதினேழில் குறிப்பிடப்பட்டவர் காணாமல் போகவில்லை. நீண்டகாலப் பணியில் உள்ளார். அன்னாரது அயராத சேவையைப் பேரவை பாராட்டுகிறது." ஏகமனதாக நிறைவேறியது. கையுயர்த்தியவர்களில் நானும் ஒருவன்.

கீழே நடைபாதையில் கௌரி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்பத்தி மூண்டில இருந்து மறியல், உண்ணாவிரதம் எண்டு கதைக்கிறியள். ஒரு பேர் வாசிக்க ஏலாதோ உங்களுக்கு?"

"விதி அப்படி, கௌரி."

"விதி எழுதினது ஆர்?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

பக்கத்தில் நின்ற செனாயித் கோபப்படவில்லை. "அம்மாவோட ஃபோனில கதைக்கேக்க அவற்ற பேர் சொல்லுறேல்லை அண்ணை. ஆரும் ஒட்டுக்கேப்பினம் எண்டு பயம். 'உன்ர சப்பாத்து' எண்டுதான் அம்மா சொல்லுவா. சப்பாத்து இன்னும் கிடைக்கேல்லை, சப்பாத்தைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. பதின்மூண்டு வருஷம். ஒருக்கா, நாலு சனம் கேக்க, அந்தப் பேரை ஆரும் சத்தமாச் சொல்ல வேணும். இப்பிடி ஒரு மனிசன் இருக்கேல்லை எண்டு பேந்து ஒருத்தரும் சொல்ல ஏலாது."

கௌரி அவள் பக்கம் திரும்பினாள். பிறகு, "உபயம் குடு" என்றாள்.

"அதென்ன?"

"எங்கட கூட்டத்தில தேத்தண்ணி, வடை, மைக் எண்டு ஆராவது ஏதாவது குடுத்தா, அவையின்ர பேரை மேடையில வாசிப்பினம். அதுக்குச் சான்றிதழ் கேக்கிறேல்லை. ஆள் உயிரோட இருக்கோ எண்டுகூடக் கேக்கிறேல்லை. என்ன, அண்ணை?"

ஒரு விதியும் அதைத் தடுக்கவில்லை என்பதைச் செயலாளர் என்ற முறையில் நான் உறுதிப்படுத்தினேன்.

டிசம்பர் பத்து. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபம். பகல் இரண்டு மணிக்கு ஆரம்பம், ஐந்து மணிக்கு மண்டபத்தைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இருநூறு பேர் வந்தார்கள். முன்வரிசையில் பெண்கள் மடியில் காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு இருந்தார்கள். பின்பக்கத்தில் செனாயித் கோப்பிக் கொட்டையை அங்கேயே வறுத்தாள். புகை கண்டு தேவாலயக் காவலாளி மூன்று தரம் வந்து பார்த்து, மூன்றாம் தரம் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு போனார்.

முதலில், கனடாவில் வழக்கம்போல, இந்த நிலம் எந்தப் பூர்வகுடிகளுடையது என்று தலைவர் பிரெஞ்சில் அறிக்கை வாசித்தார். நிலத்துக்குரியவர்கள் எவரும் அழைக்கப்படவில்லை. அடுத்து, இப்போது எல்லாக் கூட்டத்திலும் நடப்பதுபோல, மனக்காய மூச்சுப் பயிற்சி. மெலனி என்ற இளம் நிபுணர் துயரத்தை உள்ளே இழுத்து வெளியே விடச் சொன்னார். படம் வைத்திருந்த பெண்கள் சொன்னபடி இழுத்து விட்டார்கள். பிறகு ஏழு பேச்சு. ஏழு பேரும் "சுருக்கமாக" என்று ஆரம்பித்தார்கள்.

நாலு ஐம்பதுக்கு மாதவன் வந்து என் காதில் சொன்னார். "சார், டைம் இல்ல. காணாமல் போனோர் லிஸ்ட் நாப்பத்தோரு பேர். அத அடுத்த வருஷத்துக்குத் தள்ளிடலாமா?"

தலைவர் தலையசைத்தார். நாற்பத்தொரு பேரும் சான்றிதழோடு ஒத்திவைக்கப்பட்டார்கள். முன்வரிசையில் ஒரு சலசலப்பு. படங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் உபயகாரர் பட்டியலை ஒத்திவைத்தவன் எங்கள் சமூகத்தில் இன்னும் பிறக்கவில்லை. அதை வாசிக்கும் உரிமையைத் தலைவர் ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தார். பதினேழு என்ற இலக்கத்தைத்தான் அவர் அறிவார். பெயரை அவர் வாசித்தறியார். பட்டியலைத் தட்டச்சுச் செய்தவன் நான். வாய் திறக்கவில்லை.

"இன்றைய கோப்பி உபயம், அஸ்மரா நகரைச் சேர்ந்த பெருமதிப்புக்குரிய திரு. கிடானே தெக்லே அவர்கள்!"

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. கோப்பி அவ்வளவு நல்லது. தலைவர் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"திரு. கிடானே தெக்லே அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

ஒருவரும் எழும்பவில்லை. தலைகள் திரும்பித் தேடின. செனாயித் கையில் கெண்டியோடு அசையாமல் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த ஒரு தாய், பைக்குள் வைத்த படத்தை வெளியே எடுத்தாள். பக்கத்திலிருந்தவளும் எடுத்தாள். கைதட்டல் எங்கேயோ நின்றுபோனது.

தலைவருக்கு மட்டும் விளங்கவில்லை. ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு, மைக்கை வாயருகில் இழுத்து, தெருவுக்கும் கேட்கும் குரலில் வாசித்தார்:

"திரு. கிடானே தெக்லே அவர்கள், எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும். திரு. கிடானே தெக்லே!"