பன்னிரண்டாவது திருகாணி

மாமனாரின் துப்பாக்கியை நானே சரிசெய்கிறேன் என்று சாப்பாட்டு மேசையில் சபதம் போட்டபோது நான் குடித்திருக்கவில்லை. கராஜில் இரும்பு கடையும் லேத் இருந்தது. நெஞ்சில் தைரியம் இருந்தது. திறமை மட்டும்தான் இல்லை, அது பிறகுதான் தெரிந்தது.

வேண்டியது ஒரே ஒரு திருகாணி. துப்பாக்கிக்குள் தோட்டாவைத் தட்டும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும், சுண்டுவிரல் நகமளவு சமாச்சாரம். போன நவம்பரில் பனியில் விழுந்து தொலைந்துபோனது. அந்த ரகத் துப்பாக்கி செய்வதையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். உதிரி எங்கேயும் கிடைக்காது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா எல்ராய்?" என்றாள் என் மனைவி மார்லிஸ். "சனிக்கிழமை மான் வேட்டை சீசன் திறக்குது. அப்பா துப்பாக்கி இல்லாம நான் காட்டுக்குள்ள போனதே இல்ல."

"கண்ண மூடிக்கிட்டு பண்ணுவேன்."

"திறந்தே பண்ணு. முடியலன்னா?"

"முடியலன்னா கராஜை நீயே எடுத்துக்க."

வாய் என்னுடையதுதான். அது வேலை செய்வது மட்டும் எப்போதும் அவள் பக்கத்துக்கு. பூட்ஸைக் கழற்று என்று யாரும் சொல்லாத ஒரே இடம் இந்த உலகத்தில் எனக்கு அந்த கராஜ்தான். அதைப் போய் நகமளவு இரும்புக்குப் பணயம் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் திருகாணியைக் கடைந்தேன். லேத்திலேயே அளந்தேன். அச்சு அசல் அளவு. காப்பி குடித்துவிட்டு வந்து துப்பாக்கியில் மாட்டினால் லொடலொடவென்று ஆடியது. மறுபடி அளந்தேன், இளைத்திருந்தது. இரும்பு எங்கேயாவது பட்டினி கிடக்குமா? அளவுக் கருவியைச் சந்தேகப்பட்டேன். லேத்தைச் சந்தேகப்பட்டேன். கராஜுக்குள் வந்துபோகும் அணிலைக்கூட முறைத்துப் பார்த்தேன்.

புதன்கிழமைக்குள் பதினொன்று. பதினொன்றும் அதே கதை. எல்லாவற்றையும் காப்பி டப்பாவில் போட்டு பனியில் தூவ வைத்திருந்த உப்பு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, பக்கத்து ஊரில் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருக்கும் கிழவர் ஹார்லனிடம் ஓடினேன்.

"நீங்கதான் என் மானத்தைக் காப்பாத்தணும்."

"என் கை நடுங்குதுப்பா. சின்ன வேலைக்கெல்லாம் ஒரு ஆள் வச்சிருக்கேன். நாளைக்கு வந்து செஞ்சு குடுத்துடுவாங்க."

"விஷயம் வெளிய போயிடாதே?"

"வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விடாத ஆளு. கவலைப்படாம போ."

அளவைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினேன். மறுநாள் மார்லிஸ் வழக்கம்போல சர்ச்சில் துண்டுத் துணிகளை இணைத்து ஒட்டுப்போர்வை தைக்கக் கிளம்பினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஹார்லனிடம் வாங்கி வந்த திருகாணியை வறுத்த மீனுக்குப் பக்கத்தில் பளபளவென்று வைத்தேன்.

அவள் மாட்டினாள். துளி ஆட்டமில்லை. சுத்தியலை இழுத்துப் பார்த்தாள். 'க்ளிக்.' எனக்கு உயிர் வந்தது.

"நீயேவா செஞ்ச?"

"பின்ன?"

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அஞ்சு மணி நேரம். முதுகே போச்சு."

"அளந்தியா?"

"பத்து தடவை."

"சூடாவா, ஆறின பிறகா?"

முள்கரண்டி பாதி வழியில் நின்றது. "சூடுன்னா?"

"கடையறப்ப இரும்பு சூடாகும், லேசா விரியும். அப்ப அளந்தா சரியாத்தான் காட்டும். ஆறினா இளைச்சிடும்." எழுந்து போய் காப்பி டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள். "இந்தப் பதினொண்ணு மாதிரி."

ஆனாலும் விடவில்லை. "அதெல்லாம் ஒத்திகை. இதுதான் பன்னிரண்டாவது."

"ஓ." திருகாணியைக் கழற்றி, பூதக்கண்ணாடியோடு என் பக்கம் தள்ளினாள். "அடியில பாரு."

கடுகளவில் ஒரு ஆங்கில எழுத்து பொறித்திருந்தது. 'எம்'.

"ஹார்லன் கடையில யார் செஞ்சாலும் அவங்க எழுத்தைப் பொறிக்கணும். அது அவர் போட்ட சட்டம்."

"அப்ப... வியாழக்கிழமை... ஒட்டுப்போர்வை?"

"அங்க போறத நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு, வியாழக்கிழமைன்னா ஹார்லன் கடைதான். இது இருபது நிமிஷ வேலை, எல்ராய்."

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம். அதற்கும் அடியில், சொன்னால் என்ன, கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை அப்போது சொல்லும் நிலையில் நான் இல்லை.

"கராஜ்?" என்றேன் ஈனக் குரலில்.

"சொன்ன சொல் சொல்லுதான்."

"லேத்தைத் தூக்கிப் போட்டுடுவியா?"

"சேச்சே. நல்ல லேத், பாவம். இத்தனை நாள் கஷ்டப்பட்டிருக்கு. அது அங்கயே இருக்கும்."

"அப்ப நான்?"

அவள் நிதானமாக ஒரு மீனை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டாள்.

"சர்ச்சுல என் இடம் காலியாவே இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. உன் பேரைக் குடுத்துட்டேன். வியாழக்கிழமை ஆறு மணி. பயப்படாத, துணியை எப்ப அளந்தாலும் ஒரே அளவுதான்."