போலியின் பெல்ஜியம் விருந்தாளிகள்

ஒன்பது வருஷமாக ஊரான் வீட்டு ஜனங்களைக் கடலில் குளிக்க வைத்துக்கொண்டிருந்த போலிகார்ப்போ, ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தானும் குளிப்பது என்று தீர்மானம் செய்தான்.

போலிகார்ப்போ என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். ஊர் அதை இரண்டு எழுத்தாக வெட்டி, போலி என்று கூப்பிட்டது. பலவான் தீவுக் கரையில் தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லாததால் அவன் மானம் இதுவரை தப்பித்தது.

அவனிடம் ஒரு பாய்ப்படகு இருந்தது. கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் மூங்கில் சிறகு. நடுவில் ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். ஒரு நாளைக்கு ஒரே கூட்டம், முழுப் படகும் அவர்களுக்கே. காலையில் கிளப்பி, மூன்று தீவைச் சுற்றி, இரண்டு இடத்தில் நீந்தவிட்டு, நடுவில் ஒரு வெள்ளை மணலில் இறக்கிச் சோறு போட்டு, பொழுது சாய்வதற்குள் கரை சேர்ப்பது அவன் தொழில். சோறும் கறியும் அவன் மனைவி ரெமி கட்டிக் கொடுப்பாள். மீனை மட்டும் அவன் மணலில் தீ மூட்டிச் சுட்டுக்கொள்வான்.

அவன் படகுக்கு நல்ல கிராக்கி. அதற்குக் காரணம் தான் பாய் பிடிக்கும் அழகு என்று போலி நினைத்துக்கொண்டிருந்தான். விருந்தாளிகள் எழுதிவிட்டுப் போன நோட்டைப் புரட்டினால், பத்துக்கு எட்டுப் பேர் ரெமியின் சுட்ட கத்தரிக்காயைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். மிச்ச இரண்டு பேர் மாங்காயைப் பற்றி.

அந்த ஞாயிறு படகுக்கு ஓய்வு. ஆனால் போலிக்கு ஓய்வு இல்லை. அன்றைக்கு வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்ற வேண்டும் என்று ரெமி சொல்லிவிட்டாள். அவள் சொல்லிவிட்டால் ஓலையும் ஏணியும் தாமாகவே வாசலுக்கு வந்து நிற்கும்.

பக்கத்து வீட்டு மெல்ச்சோரும் படகுக்காரன்தான். இரண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். போலிக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று ரெமியிடம் சொல்வது. மெல்ச்சோர் அத்தையைப் பார்க்கப் போவதாகத் தன் மனைவி நெனித்தாவிடம் சொல்வது. ஒரு குட்டிப் பன்றியை முழுசாகச் சுட்டுத் தரும்படி கடையில் சொல்லிவைத்திருந்தார்கள். காலையில் அதை வாங்கிக்கொண்டு, ரம் பாட்டிலோடு, முனைப் பாறைக்குப் பின்னால் மெல்ச்சோர் நிற்பான். போலி படகில் வந்து ஏற்றிக்கொள்வான். அப்புறம் கடலும் பன்றியும் அவர்களும்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போலி பேச்சை எடுத்தான்.

"ஞாயித்துக்கிழமை ஒரு ஜோடி வருது. தனிப் படகு வேணுமாம்."

"யாரு?"

"பெல்ஜியம்."

"ரெண்டு பேருமா?"

"புருஷன் ஒரு நாடு, பொண்டாட்டி ஒரு நாடுன்னா இருப்பாங்க?"

"நம்ம வீட்டுலயே அப்படித்தான இருக்கு. எந்த லாட்ஜுல தங்கியிருக்காங்க?"

"இன்னும் ஊருக்கே வரல. நேரா கரைக்கு வந்துருவாங்க."

"அடையாளம் தெரிய வேணாமா?"

பொய் சொல்கிறவன் ஒரு கேள்விக்கு ஒரு பதிலோடு நிறுத்திக்கொண்டால் பிழைப்பான். போலிக்குத் தன் பொய்யின் மேல் ஆசை வந்துவிட்டது.

"அவரு சுத்த வழுக்கை. தேங்கா ஓடு மாதிரி பளபளன்னு இருக்கும். அந்தம்மாவுக்கு ஜெல்லி மீன்னா பயம். பேரைக் கேட்டாலே அழுதுடுமாம்."

"பாவம். சாப்பாடு?"

பன்றியை மனசில் வைத்துக்கொண்டு போலி அவசரமாகச் சொன்னான்: "பன்னி மட்டும் தொட மாட்டாங்க. மீன், கத்தரிக்கா போதும்."

"உங்களுக்குத் தனியா ஏதாவது?"

"நான் தொழில்ல இருக்கிறப்ப விருந்தாளி என்ன சாப்பிடறாங்களோ அதத்தான் சாப்பிடுவேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே," என்றாள் ரெமி. "அப்ப ஓலை?"

"அடுத்த மாசம்."

"சரி."

அவ்வளவுதான். சண்டை இல்லை. கையில் தயாராக வைத்திருந்த இன்னும் நாலு பொய் வீணாகப் போனதில் போலிக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு அவன் சீட்டியடித்துக்கொண்டு கரைக்கு வந்தான். படகின் பக்கத்தில் ரெமி நின்றிருந்தாள். அவளோடு ஒரு வெள்ளைக்கார ஜோடி. ஆள் நெட்டையாக இருந்தான். காது வரை இழுத்துவிட்ட ஓலைத் தொப்பி.

"என்னங்க, உங்க பெல்ஜியம்காரங்க வந்து கால் மணி நேரம் ஆச்சு. நல்ல வேளை, நான் சோத்துக் கூடையைக் கொண்டாந்தேன். இல்லாட்டி அவங்க பாவம் தேடிட்டு நின்னிருப்பாங்க."

போலியின் சீட்டி பாதியில் நின்றது.

"யாரு இவங்க?"

"உங்க விருந்தாளிய என்னையே கேக்கறீங்களா? ஏத்துங்க, வெயில் வந்துரும்."

தான் வாயால் செய்த மனிதர்கள் கை காலோடு எதிரில் நின்றால் எவனும் சாமியைக் கூப்பிடுவான். போலி மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான். அந்த ஆள் கையை நீட்டினான். கை வெதுவெதுப்பாக இருந்தது, ஆவி இல்லை. வேறு வழி தெரியாமல் இரண்டு பேரையும் ஏற்றி, பாயை விரித்துக் கிளப்பினான். கரையில் ரெமி கையாட்டினாள். அவ்வளவு அன்பாக அவள் கையாட்டி அவன் பார்த்ததில்லை.

முனைப் பாறை வந்தது. பாறை மேல் மெல்ச்சோர் நின்று சட்டையைக் கழற்றி ஆட்டினான்.

"யாரோ கூப்பிடுகிறார்," என்றாள் அந்தப் பெண்.

"இங்கே அப்படித்தான் வணக்கம் சொல்வாங்க," என்று போலி சுக்கானைத் திருப்பினான்.

மெல்ச்சோர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அந்தக் கரையில் எந்தக் காலத்திலும் வணக்கம் என்று கருதப்படாத இரண்டு வார்த்தையைக் கத்தினான். ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. "இவன் சமையல்காரன்," என்று போலி அறிமுகம் செய்தான்.

மெல்ச்சோர் விருந்தாளிகளைப் பார்த்தான், போலியைப் பார்த்தான், காதோடு குனிந்தான்.

"யாரு பங்காளி இவங்க?"

"பெல்ஜியம்."

"அது நீ சொன்ன பொய்யில்ல?"

"ஆமா. வந்துருச்சு. பன்னி எங்க?"

"இல்ல. கடையில போய்க் கேட்டா, 'உங்க வீட்டம்மா அஞ்சு மணிக்கே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க'ங்கிறான்."

"எந்த வீட்டம்மா?"

"ரெண்டு வீட்டம்மாவும். வெள்ளிக்கிழமை காலைலயே சந்தையில உன் பொண்டாட்டியப் பாத்து அந்த மடையன், 'அக்கா, ஞாயித்துக்கிழமைப் பன்னிக்கு ஈரல் குழம்பு தனியா ஊத்தணுமா'ன்னு கேட்டிருக்கான்."

போலி கணக்குப் போட்டுப் பார்த்தான். வெள்ளிக்கிழமை காலை. அவன் பெல்ஜியத்தை அவிழ்த்துவிட்டது வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில். அப்படியென்றால் அவள் கத்தரிக்காயைப் பரிமாறிக்கொண்டே அத்தனையையும் தலையாட்டிக் கேட்டிருக்கிறாள்.

முதல் தீவில் நங்கூரம் போட்டதும் மிச்சமும் விளங்கியது. அந்த ஆள் குளிக்கத் தயாராகித் தொப்பியைக் கழற்றினான். உள்ளேயிருந்து தோள் வரைக்கும் முடி சரிந்தது. தேங்காய் நார்கூட அவ்வளவு அடர்த்தியாக இருக்காது.

"ஐயா," என்றான் போலி. "நீங்க பெல்ஜியம்தானே?"

"இல்லையே. டென்மார்க். என் பெயர் ப்ரெபென். நேற்று உங்கள் மனைவி எங்கள் லாட்ஜுக்கு வந்து, இன்றைக்கு ஒரு நல்ல படகு சும்மா நிற்கிறது என்றார். தொப்பியும் அவர் கொடுத்ததுதான். முதல் தீவு வரை கழற்ற வேண்டாம், காலை வெயில் மோசம் என்றார். அன்பான பெண்மணி."

"ரொம்ப," என்றான் போலி.

ப்ரெபெனின் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆவலோடு கேட்டாள்: "ஜெல்லி மீன் எந்தப் பக்கம் இருக்கும்? அதைப் படம் எடுக்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்."

மெல்ச்சோர் வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு படகின் அடித்தட்டில் உட்கார்ந்து குலுங்கினான். சிரித்தானா அழுதானா என்று போலி திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் வெள்ளை மணலில் இறங்கினார்கள். போலி மீனைச் சுட்டான். மெல்ச்சோர் விசிறினான். ரெமி கொடுத்த கூடையில் இரண்டு பேருக்கு அளந்து வைத்த சோறும் கத்தரிக்காயும் மாம்பழமும் இருந்தன. தனியாக ஓர் இலைப் பொட்டலம். பிரித்தால், வேகவைத்த வாழைப்பழம் இரண்டு. ஆளுக்கு ஒன்று. மெல்ச்சோர் வருவான் என்பதையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறாள்.

அப்போதுதான் பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு படகு வந்தது. பாயைப் பார்த்ததும் மெல்ச்சோர் எழுந்துவிட்டான்.

"பங்காளி, அது என் படகு!"

சுக்கானில் நெனித்தா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு தங்கைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நடுவில் வாழையிலை மேல் பன்றி, செக்கச் சிவந்து, வெயிலில் மினுமினுத்தது. படகின் முன்னால் ரெமி, காலை நீட்டி, முழங்கையை ஊன்றி, மகாராணி மாதிரிச் சாய்ந்திருந்தாள்.

"அத்தை எப்படி இருக்காங்க?" என்று நெனித்தா அங்கிருந்தே புருஷனைக் கேட்டாள்.

"பரவாயில்ல," என்று மெல்ச்சோர் மணலைப் பார்த்துச் சொன்னான்.

நங்கூரம் போட்டார்கள். ஒருத்தி பன்றித் தோலை உடைத்தாள். அந்த மொறுமொறுச் சத்தம் தண்ணீர் மேல் தெளிவாக வந்து போலியின் காதில் ஏறியது. டென்மார்க்காரர்களை அவர்கள் கையாட்டிக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் நீந்திப் போய், ஏறி உட்கார்ந்து, விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார்கள்.

போலி கழுத்தளவு தண்ணீர் வரை நடந்து போய்ப் படகின் மூங்கிலைப் பிடித்தான்.

"ரெமி, ஒரு துண்டு."

"ஐயையோ, நீங்க தொழில்ல இருக்கிறப்ப விருந்தாளி சாப்பிடறதத்தான சாப்பிடுவீங்க?"

"அவங்கதான் சாப்பிடறாங்களே!"

"இவங்க டென்மார்க். உங்க விருந்தாளி பெல்ஜியம். அவங்க பன்னி தொட மாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. அவங்க வந்து தொட்டாங்கன்னா நீங்களும் தொடலாம்."

சொல்லிவிட்டு எழுந்தாள், இரண்டு கையையும் சேர்த்தாள், தலைகீழாகக் குதித்தாள். சத்தமே இல்லை. தூரத்தில் போய் எழுந்து, மல்லாந்து, வானத்தைப் பார்த்தபடி மிதந்தாள். திரும்பவும் முங்கினாள். பவளப் பாறைக்கு மேல் அவள் நிழல் நிதானமாகப் போவதைப் போலி பார்த்துக்கொண்டே நின்றான்.

"உங்கள் மனைவி அருமையாக நீந்துகிறார்," என்றான் ப்ரெபென்.

"எனக்குத் தெரியாது," என்றான் போலி. நிஜமாகவே தெரியாது.

நெனித்தா ஓர் எலும்பைக் கடலில் எறிந்தாள். "எப்படித் தெரியும்? ஒன்பது வருஷமா ஊருக்கெல்லாம் சோறு கட்டிக் கொடுத்தனுப்பறா. எத்தனை தடவை 'என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க'ன்னு கேட்டிருப்பா? ஒரு நாளாவது ஏத்துனியா, போலி? கடைசில படகு ஒரு நாள் சும்மா நின்னா, அதுல ஏத்தறதுக்கு உனக்கு இவன்தான் கெடச்சானா?"

இவன் என்று அவள் காட்டிய மெல்ச்சோர் கரையில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

ரெமி கேட்டதெல்லாம் போலிக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் தான் 'அடுத்த வாரம்' என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது. பன்றி வாசனை மூக்கில் ஏறிய நேரத்திலும் அவனுக்குப் பசி போய்விட்டது. உடம்பு முழுக்கத் தண்ணீரில் இருந்தும் ஒரு முங்கு போடத் தோன்றவில்லை. திரும்பி நடந்து போய் மீன் முள்ளையெல்லாம் பொறுக்கினான்.

சாயங்காலம் இரண்டு படகும் முன்னும் பின்னுமாகக் கரை சேர்ந்தன. டென்மார்க்காரர்கள் நோட்டில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரெமி ஈரக் கூந்தலைப் பிழிந்துகொண்டு முன்னால் நடந்தாள். பெல்ஜியத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டு வாசலில் போலியே நின்று பேச்சை எடுத்தான்.

"ரெமி. அடுத்த ஞாயிறு நீயும் நானும் போவோம். வேற யாரும் கிடையாது. தனிப் படகு."

அவள் திரும்பினாள். "நிஜமாவா?"

"சத்தியமா."

"எனக்கு ஒரு வேலையும் வெக்க மாட்டீங்களே?"

நெஞ்சு நிறைந்து போயிருந்த போலி கையை விரித்தான். "ஒரு துரும்பையும் நகர்த்த வேணாம். ஏறி உக்காந்து வந்தாப் போதும். இது என் வாக்கு."

"வாக்குன்னா வாக்குதான," என்றாள் ரெமி. அந்த வாரம் முழுக்க அவள் அவனோடு சிரித்த முகமாகப் பேசினாள். போலி தன்னைப் பற்றி மிகவும் உயர்வாக நினைத்துக்கொண்டான்.

ஞாயிறு காலையில் படகைக் கழுவி, துடைத்து, அவளுக்கு ஒரு தலையணைகூடப் போட்டுவைத்தான். ரெமி ஒரு துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"சோத்துக் கூடை எங்க?"

"எந்த ஊருல விருந்தாளி கூடை தூக்கிட்டு வருவாங்க? அரிசி, மீன், எண்ணெய் எல்லாம் அடுப்பு மேடை மேல இருக்கு. ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க. நான் உக்காந்திருக்கேன்."

ஓடினான். எடுத்து வந்தான். படகைத் தள்ளினான், பாயை விரித்தான், சுக்கானைப் பிடித்தான், மூன்று தீவையும் சுற்றினான். மணலில் இறக்கினான். இறங்கும்போது கை கொடுக்கச் சொன்னாள், கொடுத்தான். அடுப்புக்குக் கல் கூட்டினான், விறகு பொறுக்கினான், கண்ணில் புகை ஏற ஊதினான், பானையை ஏற்றினான். ஒரு வழியாக நிமிர்ந்து, சட்டையைக் கழற்றி, தண்ணீரைப் பார்த்து இரண்டடி வைத்தான்.

தூரத்தில், கண்ணாடி மாதிரி நின்ற நீருக்கு மேலே ரெமியின் தலை வந்தது. மூக்கைச் சுருக்கிக் காற்றை முகர்ந்தாள்.

"கேப்டன்! என்னமோ கருகுதே?"

போலி ஓடிப் போய் மூடியைத் திறந்தான். அரிசி எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தான். தண்ணீர்தான் ஊற்றவில்லை.